ஆடிக்காற்றுக்கு முகம் கொடுக்கும் முன்

சிவகிரியில் காற்று திரும்பிவிட்டது. ஆனியில் கிளம்பிய மேகாத்து, ஆவணி பிறந்து சில நாள் ஆகும்வரை ஓயாது. மேற்கே பார்த்தால் மலைத்தலையில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. இறங்கி வரத்தான் மாட்டேன் என்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தைக் கேரளச் சரிவு வாங்கிக்கொள்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே நழுவி வருகிற கொஞ்சத்தில் குற்றாலத்துக்குச் சாரல். நமக்கு மிஞ்சுவது ஈரத்தைத் தொலைத்து, மலை இறங்குகையில் சூடும் ஏறிய காற்று. கூடவே புழுதி. கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறதென்று சந்தோஷப்படுகிறோம். துணிக்கு நடப்பதுதான் முகத்துக்கும் நடக்கிறது.

உதடு வெடிப்பது, கன்னம் சாம்பல் பூப்பது, காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுவது, இதெல்லாம் நோய் இல்லை. மேல்தோலின் செல்களுக்கு நடுவே, செங்கல்லுக்குச் சாந்து போல, ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. அதில் பெரும்பங்கு செராமைடு என்ற பொருள். அந்தச் சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் காற்றோடு போய்விடும். கொரியக் கிரீம் டப்பாக்களில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே செராமைடு, அது இதுதான்.

இந்த மாதத்தின் முதல் வேலைக்குக் காசு செலவில்லை. சோப்பைக் குறையுங்கள். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். 5-ஐ ஒட்டி நிற்கும். கட்டி சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் இருக்கிறது. உப்புத்தண்ணியில் போட்டுத் தேய்த்தால் நுரை வராமல் ஒரு படலமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். காலையில் முகத்துக்கு வெறும் தண்ணீர் போதும். சாயங்காலம் புழுதியோடு வந்தபிறகு ஒருமுறை, சோப்பு இல்லாத பேஸ்வாஷ் இருந்தால் அது, இல்லாவிட்டால் பயத்தம்மாவைக் கூழாகக் கரைத்து. பரபரவென்று தேய்க்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குளிக்கவும் கூடாது. குளித்து முடித்துத் துண்டால் ஒற்றி, உடம்பில் ஈரம் இருக்கும்போதே கிரீமோ எண்ணெயோ தடவிவிட வேண்டும். காய்ந்தபின் தடவுவது வெந்தபின் உப்புப் போடுகிற கதை, மேலேயே நிற்கும்.

உதட்டுக்கு வாஸ்லின். அதைவிட நல்ல பொருள் எந்த நாட்டிலிருந்தும் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தால் வெடிப்பு கூடத்தான் செய்யும். தேங்காயெண்ணெய் கை காலுக்கு அருமை. முகப்பரு வருகிற பிள்ளைகள் முகத்துக்கு வேண்டாம். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கி, அங்கே மட்டும் பொரிப்பொரியாகப் பரு வருவதைப் பல வீட்டில் பார்க்கிறேன். ராத்திரி தலையைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தால் பாதி குறையும்.

சரி, கொரியாவுக்கு வருவோம். ஆடித்தள்ளுபடி பாவாடை, சேலை, பாத்திரத்தோடு நின்ற காலம் போய், இப்போது போனில் முகக்கிரீமுக்கும் வந்துவிட்டது. என் அண்ணன் மகள் ராஜபாளையம் பக்கம் மில்லுக்குப் போகிறாள். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் ஈரப்பதம் வைத்திருப்பார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று கன்னத்தில் அறைகிறது. அவளுக்குப் போனவாரம் ஒரு பார்சல் வந்தது. திறந்ததும் மதினி எடுத்துப் பார்த்து, "இது என்னட்டி, வழுவழுன்னு?" என்றாள்.

"நத்தைம்மா. நத்தை போற தடத்துல இருக்கும்லா, அது."

"அட கெடுத்தியே! சம்பாதிச்ச காசுல நத்தை எச்சிலையா வாங்கி வச்சிருக்க?"

எச்சில் இல்லை, நத்தை ஊர்ந்துபோகச் சுரக்கும் கோழை. கொரியாவின் காஸ்ஆர்எக்ஸ் கம்பெனி 96 சதம் நத்தைச் சுரப்பு என்று போட்டு விற்கும் எசன்ஸ் உலகம் முழுக்க ஓடுகிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும், எரிச்சலைத் தணிக்கும். அவ்வளவுதான், மாயம் ஒன்றுமில்லை. அதே வேலையைக் கிளிசரின் நல்ல மலிவில் செய்யும். ஆனால் அந்தப் பெண் அந்தக் குப்பியைத் திறந்தபோது இருந்த முகத்தைக் கிளிசரின் கொடுத்திருக்காது. மாசம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவள், தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வதில் என்ன குற்றம்? நான் சொல்வது ஒன்றுதான்: தேவைக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று. கொரியர்களின் பத்துப் படி முறை நமக்கு வேண்டாம். சியோலில் ஜனவரி மாதம் தண்ணீர் உறையும் குளிர், வறட்சி. அடுக்கடுக்காகப் பூசுவது அந்த ஊருக்குப் பொருந்தும். நமக்கு இந்தக் காற்றில் மூன்று போதும்: கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று.

தேவைக்கு வாங்குவதானால் என் ஓட்டு சன்ஸ்கிரீனுக்கு. மேகமூட்டம் ஏமாற்றும். மெல்லிய மேகம் வெக்கையைக் குறைக்கும். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும். காற்று வேறு குளுகுளுவென்று படுவதால் வெயில் உறைக்காது, மங்கு மட்டும் கறுத்துக்கொண்டே போகும். பழைய சன்ஸ்கிரீன்களை நம் நிறத்துக்குப் பூசினால் திருநீறு குழைத்துப் பூசினது போலிருக்கும். அதனாலேயே நம் பெண்கள் ஒதுக்கினார்கள். கொரியச் சன்ஸ்கிரீன்கள் ஜெயித்தது இந்த இடத்தில்தான். லேசாக, வெள்ளை தெரியாமல் தோலோடு சேர்ந்துவிடுகின்றன. எஸ்.பி.எப். 30-க்குக் குறையாமல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நாலு கூட்டல் குறி இருப்பதாகப் பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் 50 மில்லி டியூப் இரண்டு மாதம் தாண்டாது. ஆறு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறது என்றால் பூசவே இல்லை என்று அர்த்தம். எலுமிச்சைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கு இதைவிடத் தலைத்துண்டும் முழுக்கைச் சட்டையும் பெரிய காவல்.

எலுமிச்சை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புளியங்குடி பக்கத்திலேயே இருப்பதால் நம் வீடுகளில் பழத்துக்குப் பஞ்சமில்லை. அதைப் பிளந்து முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். சாறு வழிந்த தடத்திலேயே கொப்புளம் வந்து, கறுப்பாக மாதக்கணக்கில் நிற்கும்.

சீட் மாஸ்க், அந்த முகமூடித் துணி, பெரும்பாலும் ஒன்று நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே. ஆசைக்கு வாங்க இதைவிடச் சுலபமானது கிடையாது. ஆனால் நம் ஊரில் இதைப் போட்டுக்கொண்டு பேனுக்கடியில் படுக்கிறார்கள், ஜன்னலையும் திறந்துவைத்து. துணி பத்தே நிமிடத்தில் ஓரம் முறுக்கிக் காய ஆரம்பிக்கும். காய்ந்த துணி கொடுத்த ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். பேனை நிறுத்திவிட்டு, கால்மணி நேரத்தில், துணி ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைக் கழுத்திலும் கையிலும் தடவி, மேலே ஒரு பூச்சுக் கிரீம். ஹயலுரானிக் அமிலம் என்று போட்ட சீரத்துக்கும் இதே விதி: முகம் நனைந்திருக்கும்போது இட வேண்டும், மேலே கிரீமால் மூட வேண்டும். மூடாமல் இந்தக் காற்றில் நடந்தால் முகம் இன்னும் இழுக்கும். தோலுரிக்கும் அமிலங்கள், ஸ்கிரப், ரெட்டினால் எல்லாவற்றையும் காற்று அடங்கும்வரை வாரம் ஒருமுறைக்குக் குறையுங்கள். எரிந்தால் அதுவும் வேண்டாம்.

டப்பாவைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் வேண்டும். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். முன்பக்கம் ஜின்செங் படம் பெரிதாக இருந்து, பட்டியலில் அது வாசனைக்கும் கீழே கிடந்தால் நீங்கள் வாங்கியது படம். நியாசினமைடு என்பது வைட்டமின் பி3. மங்கு, கரும்புள்ளிக்கு நம்பிக்கையான பொருள். கொரிய அரசு நிற மேம்பாட்டுக்கு என்று அங்கீகரித்திருக்கும் அளவு 2 முதல் 5 சதம். பத்து, இருபது என்று எண்ணைக் கூட்டி விற்பதற்கு மயங்க வேண்டாம். கூடினால் சிலருக்குச் சிவந்து எரியும். தேதியைக் கொரியர்கள் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுவார்கள். தேதிக்குப் பக்கத்தில் 'கா-ஜி' என்ற இரண்டு கொரிய எழுத்து இருந்தால் அதுவரை பயன்படுத்தலாம் என்று பொருள். 'ஜே-ஜோ' என்றிருந்தால் அது தயாரித்த நாள். போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும். தயாரித்த தேதியைக் காலாவதி என்று நினைத்து நல்ல குப்பியைக் குப்பையில் போட்ட ஆள் நான்தான்.

இன்னொன்று, இந்தியாவில் விற்கிற வெளிநாட்டு அழகுப்பொருளுக்கு இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பதிவு எண் உள்ள ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாத 'கொரியன் குளோ', 'கிளாஸ் ஸ்கின்' டப்பாக்கள் வருகின்றன. ஒரே வாரத்தில் வெளுப்பு என்று சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். வெறும் பயமுறுத்தல் இல்லை இது. மலைக்கு அந்தப்பக்கம், மலப்புரம் மாவட்டத்தில், 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 22 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். தோல் வழியே ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துவிட்டது. பாதரசம் சேர்த்து அழகுப்பொருள் செய்வதை இந்திய விதிகள் தடுக்கின்றன. ஸ்டிக்கர் இல்லாத டப்பாவுக்கு விதி ஏது? இன்னொரு ரகம் ஸ்டீராய்டு களிம்பு. பெட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களைப் பார்த்தால் அது மருந்து. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து பூசினால் முடி முளைக்கும், நிறுத்தினால் சிவந்து பொரியும். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பெண் இப்படிப் பூசி, முகூர்த்தத்துக்குப் பிறகு ஒரு வருஷம் கண்ணாடி பார்க்கவில்லை.

கொரியப் பொருளில் எனக்கு மெய்யாகவே பிடித்தது 'சிகா' வகைக் கிரீம்கள். சிகா என்பது சென்டெல்லா ஏசியாட்டிகா, அதாவது நம் வாய்க்கால் ஓரத்து வல்லாரை. மடகாஸ்கர் வல்லாரையின் சத்தை எடுத்துப் பிரான்சில் 'மடிகாசால்' என்ற புண் களிம்பு செய்தார்கள். 1970-ல் டாங்குக் என்ற கம்பெனி அதைக் கொரியாவுக்குக் கொண்டுபோனது. பிறகு முகக்கிரீமாகவும் அடைத்தது. காயம்பட்ட புலி இந்தச் செடியில் புரளும் என்று ஒரு கதையையும் சேர்த்துப் 'புலிப்புல்' என்று விற்கிறார்கள். நமக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை மலையைப் புலிகள் காப்பகமாக 2021-ல் அறிவித்தார்கள். அங்குள்ள புலிகள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருக்குமா தெரியவில்லை. அதற்காக வல்லாரையைப் பறித்து அம்மியில் அரைத்து முகத்தில் அப்ப வேண்டாம். சத்தைப் பிரித்தெடுத்து அளந்து சேர்த்த கிரீம் வேறு, மண்ணோடு வந்த பச்சிலை வேறு. பச்சிலைச் சாறு சிலருக்கு அரிக்கும். வல்லாரையைத் துவையல் அரையுங்கள்.

அரிசி களைந்த தண்ணீரும் அப்படியே. கொரியாவில் அதற்கு 'சல்தூமுல்' என்று தனிப்பெயர், முகம் கழுவுகிற பழைய வழக்கம். நம் ஊரில் அது மாட்டுக்குப் போகிறது. ஆசைப்பட்டால் இரண்டாவது களைந்த தண்ணீரில், அன்றன்றைக்கே, முகம் கழுவிக்கொள்ளலாம். வாரக்கணக்கில் புளிக்கவைத்துப் பூசச் சொல்லும் வீடியோக்களை நம்பினால் பருவுக்கு நீங்களே பொறுப்பு.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிறவர்கள் புற்றுமண் கொண்டுவருவீர்கள். தோல் வியாதிக்கென்றே அந்தச் சந்நிதியை நம்பி வருகிற கூட்டம் அது. நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். வெடித்த தோலிலும் நீர் வடிகிற புண்ணிலும் எந்த மண்ணும் படக் கூடாது. அரிப்பு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால், வட்ட வட்டமாகப் படை பரவினால், வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் விரலிடுக்கில் சொறிந்தால், கிரீம் தேடாமல் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

புதிதாக எது வாங்கினாலும் முதலில் முழங்கை மடிப்பில் தினமும் ஒரு துளி, நாலைந்து நாள். ஒன்றும் செய்யவில்லை என்றால் பிறகு முகத்துக்கு. ஒரே நாளில் மூன்று புதுக் குப்பியைத் திறந்தால் எது அரித்ததென்று கண்டுபிடிக்க முடியாது. மூடியில் திறந்த தேதியை எழுதிவையுங்கள். அண்ணன் மகள் நத்தைக் குப்பியில் மார்க்கரால் 'ஆடி 3' என்று எழுதியிருக்கிறாள். ஐப்பசியில் மழை இறங்கியதும் கனத்த கிரீமை எடுத்துவைத்துவிட்டு ஜெல்லுக்கு மாறிக்கொள்ளலாம்.

அந்தக் குப்பி நாலு நாளில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டதென்று நேற்று வீட்டில் சத்தம். மதினிதான். "குதிங்கால் வெடிப்புக்கு நல்லாத்தான் கேக்கு யத்தாச்சி" என்கிறாள் என்னிடம், ரகசியமாக. வாஸ்லின் டப்பாவைக் கையில் கொடுத்து, ராத்திரி தடவிக்கொண்டு காலுறை போட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன்.