கருவுற்ற காலத்துக் கலக்கம்

கேள்வி: கருவுற்ற தொடக்கத்தில் மகிழ்ச்சியோடு அச்சமும் அழுகையும் ஏன் எழுகின்றன? குடும்பத்தார் எவ்வாறு துணை நிற்கலாம்?

பதில்: முதல் 12 வாரங்களில் புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்கள், அதாவது உடலியக்கத்தை ஆளும் சுரப்புநீர்கள், விரைந்து உயர்வதோடு மசக்கையும் அயர்ச்சியும் சேர்ந்து மனத்தை அலைக்கழிப்பதால், விரும்பி ஏற்ற கருவாயினும் கலக்கம் எழுவது இயல்பே, அதைத் தாய்மைக்குத் தகுதியின்மை எனக் கொள்வது பெருந்தவறு. நல்ல நேரத்தில் அழக்கூடாது என்று வாயடைக்கும் வழக்கம் அப்பெண்ணைத் தனிமையில் தள்ளுகிறது என்பதால், மறுத்துரைக்காமல் செவிசாய்ப்பதே வீட்டார் செய்யத்தக்க முதல் உதவியாகும். சோர்வோ ஆர்வமின்மையோ இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வின் அறிகுறிகளை 10 வினாக்களால் அளக்கும் எடின்பரோ அளவுகோலைப் பயன்படுத்தும் மருத்துவரை நாடலாம். தற்கொலை எண்ணம் தோன்றினால் சற்றும் தாமதியாமல் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்க வேண்டும்.