பிரேமதாச: ஒரு பக்கக் கட்டுரைக்கு

பேரனுக்குப் பாடசாலையில் ஜனாதிபதி பிரேமதாசவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டுமாம். எங்கே தொடங்கச் சொல்லலாம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

வாழைத்தோட்டத்தில் தொடங்கச் சொல்லுங்கள் அம்மா. உங்களுக்கு அது அயல்தானே. அங்கே 1924இல் பிறந்து, மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தவர். குடும்பச் செல்வாக்கு ஏதுமின்றி 1950இல் கொழும்பு மாநகர சபைக்குள் நுழைந்தார். 1960 மார்ச்சில் கொழும்பு மத்தி எம்.பி. ஆனார், ஜூலைத் தேர்தலில் தோற்றார். 1978இல் பிரதமர். 1988 டிசம்பரில் சிறிமாவோவை வென்று ஜனாதிபதி. இந்த ஏற்றம்தான் கட்டுரையின் முதுகெலும்பு.

பணிகளில் வீடமைப்பு, ஜனசவிய, கிராமங்களுக்குப் போன ஆடைத் தொழிற்சாலைகள் போதும். ஜே.வி.பி. கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டதும், புலிகளுடன் பேச்சு நடந்ததும், 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியதும், ஜூனில் மீண்டும் போர் வெடித்ததும் கட்டாயம் வர வேண்டும். அவற்றை விட்டால் கட்டுரை வெறும் புகழ்மாலைதான்.

முடிவு 1993 மே 1. ஆமர் வீதியில் மே தின ஊர்வலத்தின் நடுவே தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார்.

ஆண்டுகளை மட்டும் அழித்தெழுதாமல் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரின் சிவப்புப் பேனை முதலில் போய் நிற்பது அங்கேதான்!