ஜி90 எங்கே, ஜி91 எங்கே?

விஎம்சி புரோகிராமில் ‘எக்ஸ்50.’ என்று ஒரு வரி. ஜி90 நடப்பில் இருந்தால், ஒர்க் ஜீரோவிலிருந்து 50 மி.மீ. தள்ளியுள்ள இடத்துக்கு டூல் போகும். ஜி91 இருந்தால், நிற்கிற இடத்திலிருந்து இன்னும் 50 நகரும். இரண்டுமே மோடல் கோடுகள். ஒன்றைக் கொடுத்தால் மற்றது வரும்வரை மாறாது. சிக்கலெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

பொதுவாக ஜி90-இலேயே எழுதுங்கள். பாதியில் டிரில் முறிந்து, டூலை மாற்றி, நடு வரியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் இதன் அருமை தெரியும். டூல் எங்கே நின்றாலும் சரியான துளைக்கே வரும். ஜி91-இல் நிற்கிற இடத்திலிருந்தே கணக்கு தொடங்கிவிடும். ஒரு துளையின் அளவைத் தப்பாக அடித்தாலும் ஜி90-இல் அந்தத் துளை மட்டுமே போகும். ஜி91-இல் அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் தள்ளிப் போகும். டிராயிங்கில் துளைக்குத் துளை சங்கிலியாக அளவு கொடுத்திருந்தால் ஜி91 எழுதக் கை துறுதுறுக்கும். கால்குலேட்டரில் கூட்டி ஜி90-ஆகவே எழுதுவது நல்லது.

ஒரே இடைவெளியில் வரும் துளை வரிசைக்கு மட்டும் ஜி91-ஐ விட்டால் ஆள் இல்லை. ஃபானுக்கில் முதல் துளையை ஜி90 ஜி81-இல் போட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘ஜி91 எக்ஸ்12. கே9’ என்றால் போதும், 12 மி.மீ. இடைவெளியில் மேலும் 9 துளை. ஆனால் ஜி81-ஐயே ஜி91-இல் எழுதினால் இசட் ஆழம் ஆர் புள்ளியிலிருந்து எண்ணப்படும். ஒரே பாக்கெட்டை நாலு இடத்தில் வெட்டும் சப் புரோகிராமுக்கும் ஜி91 சரி. எம்99-க்கு முன்னால் ஜி90 போட மறக்கக் கூடாது.

ஹோமுக்கு அனுப்பும்போது ‘ஜி91 ஜி28 இசட்0’ என்றே எழுத வேண்டும். அங்கே ஜி90 இருந்தால் டூல் முதலில் இசட் ஜீரோவுக்கு, அதாவது பெரும்பாலும் ஜாபின் மேல் முகத்துக்கே, ரேபிடில் இறங்கிவிட்டுத்தான் மேலே போகப் பார்க்கும்.

ஃபானுக் லேத்தில் வழக்கமான ஏ சிஸ்டத்தில் இந்தக் கேள்வியே வேறு. அங்கே ஜி90 ஒரு டர்னிங் சைக்கிள். எக்ஸ், இசட் என்றால் அப்சொல்யூட். யு, டபிள்யூ என்றால் இன்கிரிமென்டல். ஒரே வரியில் கலந்தும் எழுதலாம். யு-வும் விட்டக் கணக்குதான்: ‘யு-0.4’ கொடுத்தால் டூல் 0.2 மி.மீ. மட்டுமே உள்ளே போகும்.