துயில் நீங்காத் திரை

கணிப்பொறியைச் சிறிது நேரம் வாளா விட்டுச் சென்று, மீண்டு வந்து விசையைத் தட்டினால், சில வேளைகளில் திரை இருண்டபடியே கிடக்கக் காண்கிறோம். உடனே பொறி பழுதுற்றதெனத் துணிந்து மின்சாரத்தை அறுத்துவிடுதல் நம்மில் பலர்க்கும் வழக்கம். நம் விடுதி நண்பரொருவர் இங்ஙனஞ் செய்து, இரண்டு நாள் உழைத்தெழுதிய ஆய்வுரைப் பகுதியை ஒரு நொடியில் இழந்தார். பொறி அப்பொழுது நலமாகவே இருந்தது. கோளாறு திரையை இணைத்த வடத்தில்.

ஆதலின் முதற்கண் ஆராய வேண்டுவது, துயில்வது திரையோ பொறியோ என்பதே. இரண்டிற்கும் துயில் தனித்தனி. திரையின் துயிலுக்கு 1993-ஆம் ஆண்டில் வெசா என்னுங் கழகம் ஒரு முறை வகுத்தது; பொறியினின்று வரும் ஒத்திசைவுக் குறிகள் நின்றால் திரை ஒடுங்கும், மீண்டால் விழிக்கும். பொறியின் துயிலோ வேறு வகைத்து. 1996-இல் வெளிவந்த ஏ.சி.பி.ஐ. வரையறை கூறும் மூன்றாம் நிலைத் துயிலில், பெரும்பாலான உறுப்புகள் மின்னிழந்து அடங்க, நினைவகம் மட்டுஞ் சிறிது மின்சாரம் பெற்று நாம் எழுதியவற்றைக் காத்து நிற்கும். அச்சிறு மின்சாரமும் அறுபடின் அவை மறைந்தொழியும் அன்றோ?

விசைப்பலகையிற் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்க. அதன் சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின் பொறி விழித்திருக்கிறது. மாறாதாயின், பொறியின் மின்பொத்தானை ஒருமுறை மெல்ல அழுத்திவிட்டு அரை நிமிடம் பொறுக்க. அழுத்திப் பிடித்தலாகாது, 4 நொடிக்கு மேற் பிடித்தால் பொறி எழுவதற்கு மாறாக முற்றும் அணைந்துவிடும்.

பொறி விழித்திருந்தும் திரை இருண்டதாயின், விண்டோஸ் பொறிகளில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்துக. படக்காட்சியை நடத்தும் இயக்கி புதிதாய்த் தொடங்கும்; திறந்திருக்குங் கோப்புகள் மூடப்படா. அடுத்து வடத்தின் இருமுனைகளையும் கழற்றி மாட்டுக. திரையின் மின்வடத்தையும் சுவரினின்று பிடுங்கி 1 நிமிடங் கழித்துச் செருகுக. திரைக்குள்ளும் ஒரு சிற்றறிவு உண்டு, அதுவும் சிலபோது மயங்குவதுண்டு. டிஸ்பிளேபோர்ட் வழி இணைந்த சில திரைகள் ஆழ்துயிலில் தம் இருப்பை அறிவிக்குங் குறியையும் நிறுத்திவிடும். பொறியோ திரை அகற்றப்பட்டதென்றே கருதும். இத்தகையவற்றில், திரையின் பட்டியலிற் சென்று ஆழ்துயிலை நீக்கிவைத்தல் நலம். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உருவங்கள் மங்கலாய்த் தோன்றுமாயின், கெட்டது பின்னொளி; அது பழுது பார்ப்போர் கைக்குரியது.

இவற்றால் ஆகாதவிடத்தும் எழுத்தைக் காக்க வழியுண்டு. வேறொரு திரையை இணைத்துப் பார்க்க. அதுவும் கிட்டாவிடின், ஒரு விசையைத் தட்டி, கடவுச்சொல் வேண்டும் பொறியாயின் அதனை இருளிலேயே அடித்து என்டரை அழுத்திச் சற்றுப் பொறுத்து, கண்ட்ரோலோடு எஸ் விசையை அழுத்துக. எழுதிக்கொண்டிருந்த கோப்பே முன்னிற்பதாயின், அதற்கு முன்னரே பெயரும் இட்டிருந்தால், அது வட்டிற் பதிவாகும். அதன் பின்னரே மின்சாரத்தை அறுக்கலாம். நம் நண்பர் தம் கோப்பிற்குப் பெயர் இட்டேயிருந்தார்.