பெயரை வைத்து விற்றவர்களும் பெயரையே விற்றவர்களும்

சில மாதங்களாக என்னைச் சந்திக்கும் வியாபார நண்பர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சாமான் போகுதில்ல நானா. விலையைக் குறைச்சு மலிவுச் சாமான் போடுறதா, இல்லாட்டி இருக்கிற தரத்தோடயே இருக்கிறதா?" இதற்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. இத்தாலியின் மொடெனா நகரையொட்டிக் கார் செய்த இரண்டு கொம்பனிகளின் கதையைச் சொல்வேன்.

இத்தாலிக் கார் என்றால் எனக்குச் சிறுவயதுப் பழக்கம். பஞ்சிகாவத்தையில் வாப்பா வைத்திருந்த உதிரிப்பாகக் கடையில் பியட் 1100 சாமான்தான் அதிகம். இத்தாலி என்ற பெயரை நான் பூகோளப் புத்தகத்தில் காண்பதற்கு முன்பே சாமான் பெட்டிகளில் கண்டுவிட்டேன். பியட் சாதாரண மக்களின் வாகனம். நான் சொல்லவரும் இரண்டும் அப்படியல்ல. ஒன்று பெராரி, மற்றது மசராட்டி.

இரண்டில் மூத்தது மசராட்டி. 1914இல் பொலோனியா நகரில் மசராட்டி சகோதரர்கள் ஆரம்பித்த பட்டறை அது. அந்நகரச் சதுக்கத்தில் உள்ள நெப்டியூன் சிலையின் திரிசூலத்தையே தமது சின்னமாக்கிக் கொண்டார்கள். 1937இல் மொடெனாவைச் சேர்ந்த ஓர்சி குடும்பம் அதை வாங்கித் தன் ஊருக்கே கொண்டு சென்றது. அமெரிக்காவின் புகழ்பெற்ற இந்தியானாபொலிஸ் பந்தயத்தில் 1939, 1940 ஆகிய இரு வருடங்களும் வென்றது மசராட்டிதான். அப்போது பெராரி என்ற பெயரில் ஒரு கார்கூடக் கிடையாது.

என்சோ பெராரி 1898இல் மொடெனாவில் பிறந்தவர். அல்பா ரோமியோவுக்காகக் கார் ஓட்டினார்; பின்னர் அவர்களுடைய பந்தய அணியை நடத்தினார். 1939இல் பிரிந்து வரும்போது, நான்கு வருடங்களுக்குத் தன் பெயரில் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்க வேண்டியிருந்தது. மரனெல்லோ என்ற சிறிய ஊரில் அவர் கட்டிய தொழிற்சாலையிலிருந்து 1947இல்தான் அவரது பெயர் தாங்கிய முதல் கார் வெளிவந்தது. மற்றவர்கள் கார் விற்பதற்காகப் பந்தயத்தில் ஓடினார்கள். இவர் பந்தயத்தில் ஓடுவதற்காகக் கார் விற்றார். செல்வந்தர்களுக்கு விற்ற ஒவ்வொரு காரின் இலாபமும் அடுத்த பந்தயத்துக்குச் செலவாகும்.

வெளிநாட்டில் அவருக்குச் சந்தை பிடித்துக் கொடுத்தவர் லூயிஜி கினெட்டி. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர், அவரும் பந்தய வீரர். 1949இல் பிரான்ஸின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் பெரும்பகுதியைத் தானே ஓட்டி பெராரிக்கு வெற்றி தேடித் தந்தவர். தான் ஓட்டி வென்ற சாமானையே நியூயோர்க்கில் விற்ற முகவர் அவர்! அமெரிக்க வாடிக்கையாளருக்கென்றே 'கலிபோர்னியா' என்ற பெயரில் கூரை திறக்கும் பெராரியும் வந்தது. சினிமா நட்சத்திரங்களும் அரச குடும்பத்தினரும் வரிசையில் நின்றார்கள்.

மசராட்டியும் சளைக்கவில்லை. ஈரான் மன்னர் ஷா கேட்டதற்காகவே 1959இல் 5000 ஜீடீ என்ற காரைச் செய்து கொடுத்தது. அதற்கு முன்பு, 1957 ஓகஸ்டில் ஜேர்மனியில் நடந்த பந்தயத்தை இன்றும் பேசுவார்கள். மசராட்டியை ஓட்டிய ஆர்ஜென்டீனா வீரர் பன்ஜியோ, டயர் மாற்ற நின்ற இடத்தில் தாமதமாகி இரண்டு பெராரிகளுக்குப் பின்னால் போய்விட்டார். சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் குறைத்து, கடைசிக்கு முந்திய சுற்றில் இரண்டையும் தாண்டினார். அவ்வருட உலகப் பட்டமும் அவருக்கே. ஆனால் அதே வருட முடிவில் பணநெருக்கடி காரணமாக மசராட்டி தன் பந்தய அணியைக் கலைத்தது.

அதன் பிறகு கைமாறிக் கைமாறிப் போனது. 1968இல் பிரான்ஸின் சிட்ரோன் வாங்கியது. 1975இல் மூடும் நிலைக்கு வந்து, டி தொமாசோ என்ற தொழிலதிபர் இத்தாலிய அரச நிறுவனமொன்றின் உதவியுடன் பொறுப்பேற்றார். அவர் போட்ட கணக்கு நம்மில் பலர் போடும் கணக்குத்தான்: "பெயர் பெரியது, சாமான் விலை கூடியது. விலையைக் குறைத்தால் ஆயிரக்கணக்கில் போகுமே!" 1981 டிசம்பரில் 'பைடர்போ' வந்தது. மசராட்டி என்ற பெயர் இவ்வளவு குறைந்த விலைக்கா என்று ஆட்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். ஆரம்பத்தில் கல்லாப்பெட்டி நிறைந்தது உண்மைதான்.

ஆனால் அவசரத்தில் செய்த கார். சூடேறினால் எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, மின்வயர்களில் கோளாறு, கராஜ் வாசலிலேயே நின்றது. குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்தான், ஆனால் அதற்குள் பேச்சுப் பரவிவிட்டது. 1991இல் அமெரிக்கச் சந்தையை விட்டே வெளியேறினார்கள். திரும்பிச் செல்ல 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாப்பாவின் காலத்துக்குப் பிறகு நானும் இதே வேலையைச் செய்தவன். எங்கள் கடைப் பெயர் அச்சடித்த பெட்டியில், மலிவாகக் கிடைத்த பிரேக் லைனிங்கைப் போட்டு விற்றேன். ஆறு மாதம் நல்ல வியாபாரம். பின்னர் நீண்டகால வாடிக்கையாளரான பஸ் முதலாளி ஒருவர் தேய்ந்துபோன லைனிங்கை மேசையில் வைத்து, "தம்பி, வாப்பாட பெட்டியெண்டுதான் பாக்காம எடுத்தன்" என்றார். ஏசவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை. வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

பெராரிக்கும் கஷ்டகாலம் வந்தது. 1963இல் அமெரிக்காவின் போர்ட் வாங்க முன்வந்தபோது, பந்தய அணியின் முடிவுகள் தன் கையை விட்டுப் போய்விடும் என்று கண்ட என்சோ பேச்சை முறித்தார். (மறுபக்கம் போர்ட் சும்மா இருக்கவில்லை; 1966இல் லெ மானில் அவரைத் தோற்கடித்தது.) 1969இல் பியட்டுக்குப் பாதிப் பங்கை விற்றபோதும் பந்தய அணியைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். 1988இல் அவர் மறைந்தார்.

2013இல் அப்போதைய தலைவர் மொன்டெசெமோலோ ஒரு விசித்திரமான முடிவெடுத்தார். வருடத்துக்கு 7,000 கார்களுக்கு மேல் விற்பதில்லை! அவ்வருடம் 6,922 கார்களே போயின. முந்திய வருடத்தைவிடக் குறைவு. ஆனால் இலாபம் கூடி 24 கோடி யூரோவைத் தாண்டியது. "ஆகவே குறைவாக விற்க வேண்டும்" என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மறுவருடமே அவர் பதவி விலகினார், அந்த எல்லையும் நீங்கியது. 2024இல் பெராரி 13,752 கார்களை விற்றது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்படியிருந்தும் பெயர் கெடவில்லை. எண்ணிக்கை கூடியதே தவிர, மலிவான பெராரி என்று ஒன்று வரவில்லை. காத்திருப்போர் வரிசையும் குறையவில்லை.

மசராட்டியோ பியட்டின் கைக்கு வந்த பிறகு நல்ல கார்களுடன் மீண்டது. ஆனால் வருடத்துக்கு 75,000 என்று பழைய ஆசை திரும்பவும் வந்தது. 2017இல் ஐம்பதாயிரம் அளவுக்கு ஏறிய விற்பனை அதன்பின் சரிந்தது. 2023இல் 26,600. 2024இல் வெறும் 11,300. மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தும் அவ்வருடம் பெராரியின் எண்ணிக்கையைக்கூட எட்ட முடியவில்லை.

அந்த பஸ் முதலாளியின் மகன் இப்போது எங்கள் கடைக்கு வருகிறார். பெட்டியைத் திறந்து, லைனிங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே காசு கொடுக்கிறார். வாப்பாவின் காலத்தில் அவருடைய தகப்பன் பெட்டியைத் திறந்ததே கிடையாது.