சிறு வருவாயும் சீரிய உணவும்

வீட்டுச் செலவுகளுள் உணவுச் செலவு ஒன்றே அன்றாடம் கைப்பணத்தைக் கேட்பது. வாடகை மாதம் ஒருமுறை வரும். துணிச் செலவு பண்டிகைக்கு வரும். அடுப்போ நாள்தோறும் மூட்டப்பட வேண்டும். ஆதலின் வருவாய் குறைந்த காலத்தில் முதலில் கைவைக்கப்படுவதும் உணவுச் செலவே. அவ்வாறு குறைக்குங்கால் நாம் எதைக் குறைக்கிறோம், எதை விட்டு வைக்கிறோம் என்பதே இப்பாடத்தில் ஆராயத்தக்க பொருள்.

பெரும்பாலான குடும்பங்களில் நிகழ்வது யாதெனில், அரிசியை அப்படியே வைத்துக்கொண்டு, பருப்பு, கீரை, பால், முட்டை ஆகியவற்றைக் குறைப்பதாகும். வயிறு நிறைகிறது, பசி தெரிவதில்லை. ஆனால் சில மாதங்களில் குழந்தையின் வளர்ச்சி தடைப்படுகிறது. தாய்க்குச் சோகை காண்கிறது. தறியில் அமர்ந்தவருக்கு நண்பகலுக்குள் கை தளர்கிறது. பாவு மட்டும் ஓட்டி, ஊடையை விட்டுவிட்டால் துணி ஆகாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அரிசி பாவு போன்றது, மற்றவை ஊடை.

1. குன்னூரில் கண்ட உண்மை

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1918ஆம் ஆண்டில் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் சிறியதோர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த மக்களிடையே பெரிபெரி என்னும் நோய் தோன்றுவதன் காரணத்தை ஆராய்வதே அதன் முதல் நோக்கம். 1920களில் அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி அடங்கிய சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. சோறு மிகுந்து, பாலும் காயும் குறைந்த சென்னை மாகாண உணவு கடைசி இடத்தில் நின்றது. அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இதனால் சோறு தீயது என்று கொள்ளலாகாது. சோற்றுடன் சேரவேண்டியவை சேராமற்போனதே குறை. நம் முன்னோர் வழக்கத்தில் ஒரு நன்மையும் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிப்பதால் தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கலரிசி உண்டவரைப் பெரிபெரி அவ்வளவாக வாட்டாமைக்கு இதுவே காரணம்.

2. புதுச்சேரியில் இக்கேள்வி

கதிர்காமம் போன்ற நகரப் பகுதிகளில் வாழ்வோர் ஏறக்குறைய எல்லாவற்றையும் விலைக்கே வாங்க வேண்டியவர்கள். பாகூர்ப் பக்கத்து உழவர் வீட்டில் நெல்லும் கொல்லைக் காயும் இருக்கும். நகரத்து நெசவாளர் வீட்டில் கூலிப் பணமே இருக்கும். மேலும், உணவு மானியத்தை அரிசியாகத் தராமல் பணமாக வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் முதன்முதல் சோதிக்கப்பட்ட ஒன்றியப் பகுதிகள் சண்டிகரும் புதுச்சேரியுமே. மானியம் அரிசியாக வந்தால் அது அரிசியாகவே வீடு சேரும். பணமாக வந்தால் அது பயறாகவும் ஆகலாம், பலகாரமாகவும் ஆகலாம், பழைய கடனுக்கும் போகலாம். அதனை உணவாக்குவது வீட்டாரின் திட்டத்தைப் பொறுத்தது.

3. ஒரு வாரக் கணக்கு

கணவன், மனைவி, 10 வயதும் 5 வயதும் உள்ள இரு குழந்தைகள் அடங்கிய குடும்பம் ஒன்றுக்கு வாரம் 1,600 ரூபாய் உணவுக்குக் கிடைக்கிறது எனக் கொள்வோம். கீழே காணும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உறுப்பினர்கள் தத்தம் கடை விலையை இட்டுப் பார்க்க வேண்டும்.

தானியம்: புழுங்கலரிசி 8 கிலோ 360 ரூபாய், கேழ்வரகு 2 கிலோ 90 ரூபாய். ஆக 450.
பருப்பு வகை: துவரம்பருப்பு முக்கால் கிலோ 105 ரூபாய், பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு ஆகியவை சேர்ந்து ஒன்றேகால் கிலோ 125 ரூபாய், வேர்க்கடலை அரைக் கிலோ 70 ரூபாய். ஆக 300.
பால், முட்டை, மீன்: பால் நாளுக்கு அரை லிட்டராக 175 ரூபாய், முட்டை 10க்கு 65 ரூபாய், நெத்திலி அல்லது மத்தி அரைக் கிலோ 80 ரூபாய். ஆக 320.
கீரை, காய், பழம்: கீரை 7 கட்டு 105 ரூபாய், காய் 4 கிலோ 140 ரூபாய், கொய்யா அல்லது வாழைப்பழம் 45 ரூபாய். ஆக 290.
சமையல் எண்ணெய் முக்கால் லிட்டர்: 120.
உப்பு, புளி, மிளகாய், வெங்காயம், வெல்லம்: 120.
மொத்தம் 1,600 ரூபாய்.

இக்கணக்கில் தானியத்துக்குச் செல்வது மொத்தப் பணத்தில் கால் பங்குக்குச் சற்று மிகுதி. இதே குடும்பம் அரிசியையே நம்பி வாரம் 12 கிலோ வாங்கினால் அதற்கு மட்டும் 540 ரூபாய் ஆகும். 8 கிலோ அரிசியும் 2 கிலோ கேழ்வரகுமாகக் கொண்டால் 90 ரூபாய் மிஞ்சும். அந்த 90 ரூபாய் ஏறக்குறைய ஒரு கிலோ பயற்றின் விலை. குறைந்த இரண்டு கிலோ அரிசியின் இடத்தைப் பயறும் கடலையும் நிரப்புவதால் பசியும் அடங்கும். கேழ்வரகுக்குத் தனிச் சிறப்பு உண்டு: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது, அரிசியிலோ அது மிகச் சொற்பம். பால் போதிய அளவு வாங்க இயலாத வீட்டில் குழந்தையின் எலும்புக்கு வேண்டியதைக் கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் பெரும்பகுதி ஈடு செய்யும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் இதற்கு உதவும்.

4. பத்து ரூபாய்க்கு எவ்வளவு புரதம்?

ஒரு பண்டம் மலிவா, விலை மிகுந்ததா என்பதைக் கிலோ விலையைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் தவறு. 10 ரூபாய்க்கு அது தரும் சத்து எவ்வளவு என்று கேட்கவேண்டும். மேற்கண்ட விலைப்படி 10 ரூபாய்க்குக் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ இவ்வாறாகும்:

பச்சைப்பயறு 23 கிராம். வேர்க்கடலை 18 கிராம். அரிசி 15 கிராம். முட்டை 10 கிராம். பால் 6 கிராம். பிஸ்கட் பொட்டலம் சுமார் 4 கிராம்.

உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும் பெண்ணுக்கு 46 கிராமும் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இதனைப் பயறு வகைகளே மலிவாகத் தருகின்றன. அரிசியின் எண்ணும் உயர்வாகத் தோன்றலாம். எனினும் அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவதால், இட்லியும் பொங்கலும் பயற்றுக் கஞ்சியும் தனிச் சோற்றினும் உயர்ந்த உணவாகின்றன. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவை நினைவில் வைத்தல் எளிது.

அப்படியாயின் முட்டையையும் பாலையும் விட்டுவிடலாமோ எனின், கூடாது. பி 12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. அது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உள்ளது. ஆகவே சிறிதளவேனும் இவை வேண்டும். இவற்றைக் குழந்தைகளுக்கும், கருவுற்ற அல்லது பாலூட்டும் தாய்க்கும் முதலில் ஒதுக்குதல் முறை.

5. அடுப்படியில் இழப்பவை

காசு கொடுத்து வாங்கிய சத்தைக் கழுநீரில் கொட்டிவிடுதல் சிக்கனம் ஆகாது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் உயிர்ச்சத்தை வீணாக்கும். அளவு நீர் வைத்துப் பொங்குக. வடித்தால் கஞ்சியைப் பருகுக. கீரையை முதலில் கழுவி, பின்னர் அரிந்து, மூடி வைத்துச் சிறிது நேரமே வேகவைக்க வேண்டும். பயற்றையும் கொள்ளையும் ஊறவைத்து முளைகட்டினால் விரைவில் வேகும். விறகும் எரிவாயுவும் மிச்சமாகும். முளையில் சி உயிர்ச்சத்தும் உண்டாகும்.

கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. உணவோடு எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ, நெல்லிக்காயோ சேர்ந்தால் அது நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தினால் சேராது. ஆகவே தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைக் கழுவியோ வறுத்தோ உண்ணலாகாது. அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முற்றும் நீங்காது. அதை எறிந்துவிடுதலே நன்று.

6. யாருடைய தட்டில்?

திட்டமிட்டு வாங்கி, சத்துக் குறையாமல் சமைத்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பரிமாறும் முறை எத்தகையது? பல வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பின்னர், மிஞ்சிய சோற்றையும் அடிக்குழம்பையும் உண்பவள் தாய். 2019–21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர்கள். நூல் சுற்றுவதும், பாவுக்குத் துணை நிற்பதும், சமைப்பதும், நீர் கொணர்வதும் அவளே. அவள் படுத்தால் தறியும் பாதி நிற்கும். கதிர்காமத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது நல்வாய்ப்பே. சோர்வும் மூச்சு வாங்கலும் உள்ளோர் அங்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளத் தயங்கலாகாது. எனினும், பருப்பும் கீரையும் முட்டையும் பரிமாறத் தொடங்கும்போதே தாயின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பது வீட்டார் கையில் உள்ளது.

பள்ளிப் பிள்ளைகளின் நண்பகல் உணவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதுச்சேரியில் பள்ளி மதிய உணவு 1930இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே தொடங்கப்பட்டது. அதனைப் பெறுவதில் குறைவு ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் தாய்க்கும் சேய்க்கும் தரும் சத்துணவையும் விடாமல் பெறுதல் வேண்டும்.

7. சங்கம் செய்யத்தக்கவை

1844 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். அன்று அவர்கள் விற்றவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய ஐந்தே. கலப்படமில்லாத உணவு, சரியான எடை, கடனின்றி விற்பனை ஆகியவை அவர்களது கொள்கை. கூட்டுறவு இயக்கமே சமையலறையின் தேவையிலிருந்து வளர்ந்ததென்றால் மிகையாகாது.

கூலி வரும் நாள் முன்பின்னாகும் வீடுகள் தனியார் கடையில் கடன் கணக்கு வைக்கின்றன. கடன்பட்டவர் விலையும் தரமும் கேட்க இயலாது. இதற்கு மாற்றாக, கூலி கைக்கு வந்த அன்றே கெடாத பண்டங்களாகிய பயறு, கேழ்வரகு, எண்ணெய் ஆகியவற்றை அடுத்த கூலிநாள் வரை வேண்டிய அளவு வாங்கிவிடுதல் நலம். கீரை, பால் முதலியவற்றுக்கு மட்டும் நாட்காசை நிறுத்திக்கொள்ளலாம்.

சங்கத்தில் 50 குடும்பங்கள் வாரம் 2 கிலோ பருப்பு வகை வாங்கினால் நான்கு வாரத்துக்கு 400 கிலோ ஆகும். மொத்தமாக வாங்கிக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைந்தாலும் 4,000 ரூபாய் உறுப்பினரிடமே தங்கும். சம்பா அறுவடைக்குப் பின் நெல்வயலில் விதைக்கும் உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும்போது, விளைவிக்கும் உறுப்பினரிடமிருந்து நெசவு உறுப்பினருக்கு நேரே வாங்கித் தருதல் இரு சாரார்க்கும் நன்மை. உருவம் சிறுத்ததால் சந்தையில் விலை போகாத காய்களையும் இவ்வாறே கொள்ளலாம். தறிக்கொட்டகையின் ஓரத்தில் ஒரு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு கறிவேப்பிலை வைக்க இடமில்லாத வீடு மிகச் சிலவே.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சென்ற வாரம் உங்கள் வீட்டு உணவுப் பணத்தில் அரிசிக்குச் சென்றது எத்தனை பங்கு? பருப்புக்கும் கீரைக்கும் எத்தனை பங்கு?
2. உங்கள் கடை விலையில் 10 ரூபாய்க்கு மிகுதியான புரதம் தரும் பண்டம் எது?
3. தேநீர்க் கடைக்கும் பொட்டலப் பலகாரத்துக்கும் வாரம் எவ்வளவு செல்கிறது? அது எத்தனை முட்டைக்குச் சமம்?
4. உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவருக்கு எஞ்சுவது என்ன?
5. வரும் பங்குனியில் சங்கத்தின் வாயிலாகப் பயறு வாங்க முன்வருவோர் எத்தனை பேர்?

உறுப்பினர்கள் ஒரு வாரம் மட்டும் கணக்கெழுதி, இவ்விடைகளுடன் மாதக் கூட்டத்துக்கு வருவார்களாயின், ஐந்தாவது வினாவுக்கு அன்றே முடிவு காணலாம்.