சாவி முறிந்தால் பதறாதீங்க!



குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி வட்டாரத்து மரக்கதவுகள் ஈரத்தில் உப்பி, பூட்டின் நாக்கு இறுகிவிடும். அப்போது பலமாகத் திருகினால், பல் வெட்டிய மெல்லிய இடத்தில் சாவி முறியும். உள்ளே குழுவின் பணப்பெட்டி, தீர்மான நோட்டு. வெளியே கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்கள். என்ன செய்வது?

செய்யக்கூடாதவை:

• மாற்றுச் சாவியை நுழைக்காதீங்க. துண்டு இன்னும் உள்ளே போகும்.
• பசை தடவி இழுக்காதீங்க. பூட்டே ஒட்டிக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை:

1. சாவி நுழைந்த நிலையில்தான் வெளியே வரும். பாதி திரும்பி நின்றால், மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் துவாரத்தைப் பழைய நிலைக்குத் திருப்புங்க.

2. பென்சில் கரித்தூளைக் கொஞ்சம் உள்ளே ஊதுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் தூசி சேர்ந்து பிசுபிசுக்கும்.

3. துண்டின் முனை தெரிந்தால் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்க.

4. தெரியாவிட்டால், நகை ஆசாரி பயன்படுத்தும் நூல் போன்ற ரம்ப பிளேடு போதும். அதன் பல் உங்களைப் பார்க்கும்படி, சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, லேசாகத் திருகி இழுங்க. பல்லில் மாட்டித் துண்டு வரும்.

பெட்டியில் தொங்குவது 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டா? துவாரம் தரையைப் பார்க்கப் பிடித்து மெதுவாகத் தட்டிப் பாருங்க.

சாவியின் தட்டைப் பக்கத்தில் குழி குழியாக இருந்தால் அது கூடுதல் பாதுகாப்புப் பூட்டு. உள்ளே இடம் நெருக்கம். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் நிறுத்திவிட்டு, தெரிந்த பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க. வேலை முடியும்வரை இரண்டு உறுப்பினர்கள் கூடவே நில்லுங்க. முறிந்த இரண்டு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்க. புதுச்சாவி வெட்ட உதவும். பூட்டோடு வந்த அட்டை இருந்தால் அதையும் காட்டுங்க. செலவை ரசீதோடு கணக்கில் எழுதுங்க.

முறியாமல் இருக்க வழி உண்டு. கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துத் திறங்க, நாக்கு தளரும். மழை முடிந்து மரம் காய்ந்ததும், அப்போதும் உரசும் இடத்தைத் தச்சரிடம் இழைக்கச் சொல்லுங்க. சாவியில் கீறல் தெரிந்தால் அன்றே மாற்றுங்க.

சாவி ஒருவரிடம், மாற்றுச் சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். யாரிடம் எது என்பதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்க.